வலிக்கும் தட்டைப் பாதமும் அறுவை சிகிச்சையும்

(ஆசிரியர்களுக்கான உடல்நலப் பயிற்சி நாளில், எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கால் வலியைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். முழங்கால் தேய்மானம், காலையில் எழுந்ததும் வரும் குதிகால் வலி இவற்றைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது அதிகம் பேசப்படாத ஒன்று. நடுத்தர வயதில், அதுவரை நன்றாக இருந்த ஒரு பாதம் மெல்ல மெல்லச் சரிந்து தட்டையாகி வலிப்பது. இதற்கு அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் எந்த அறுவை என்பதை, நோயாளி எப்போது வருகிறார் என்பதே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்கள்தான் என்னிடம் தாமதமாக வருகிறார்கள். நின்றால் கால் வலிக்கத்தானே செய்யும் என்று அவர்களே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தட்டைப் பாதம் என்றதும் உங்கள் வகுப்புக் குழந்தைகள்தான் நினைவுக்கு வருவார்கள். பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளுக்கும் பாதம் தட்டைதான். உள்ளங்காலில் கொழுப்பு நிறைந்திருக்கும், தசைநார்கள் தளர்வாக இருக்கும். வளைவு மெல்ல உருவாகி ஏறக்குறைய 10 வயதுக்குள் தெரியவரும். மணிப்பாலைச் சேர்ந்த உதயபாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை எடுத்து ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலோடு நடந்த குழந்தைகளில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. வளைவை உருவாக்குவதற்காக விலை கூடிய காலணி வாங்கித் தர முடியவில்லையே என்று எந்தப் பெற்றோரும் வருந்த வேண்டாம். மண்ணில் ஓடி விளையாட விட்டாலே போதும். வலி இருந்தாலோ, நுனிக்காலில் நின்றாலும் வளைவு எழும்பாமல் பாதம் விறைப்பாக இருந்தாலோ மட்டும் மருத்துவரிடம் அனுப்புங்கள். பாத எலும்புகள் இரண்டு பிறவியிலேயே ஒட்டியிருப்பது 8 முதல் 15 வயதுக்குள் இப்படி வெளிப்படுவது உண்டு.

மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் இன்னொரு கேள்வியைச் சந்தித்திருப்பீர்கள். ராணுவத்திலும் காவல் துறையிலும் உடற்தகுதித் தேர்வில் தட்டைப் பாதத்தைக் குறையாகப் பார்க்கிறார்கள். அதனால் "ஆபரேஷன் செய்து வளைவு வைத்துத் தாருங்கள் சார்" என்று கேட்டு வரும் இளைஞர்கள் எனக்குப் பழக்கம். வலியில்லாமல் ஓடவும் குதிக்கவும் முடிகிற பாதத்தை நான் வெட்டுவதில்லை. நல்ல எலும்பை அறுத்துத் திருகாணி போட்டால் தழும்பு இருக்கும், எக்ஸ்ரேயில் திருகாணி தெரியும், இல்லாத வலியும் வந்து சேரலாம். இதைச் சொன்னால் பையன்களுக்கு என் மேல் கோபம் வருகிறது. நீங்கள் சொன்னால் ஒருவேளை கேட்பார்கள்.

இனி பெரியவர்களின் பாதத்துக்கு வருவோம். கணுக்காலின் உட்புறம் புடைத்திருக்கும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். அதன் பின்பக்கமாக ஒரு தசைநாண் இறங்கி, அந்த எலும்பைச் சுற்றி வளைந்து, பாதத்தின் உட்பக்கத்தில் உள்ள படகெலும்பில் போய்ப் பிடிக்கிறது. கிணற்று ராட்டினத்தின் மேல் கயிறு வளைந்து போவதை எண்ணிக்கொள்ளுங்கள். கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கும் பின்கால் தசையின் நாண் அது. ஒவ்வோர் அடியிலும் பாத வளைவைத் தூக்கிப் பிடிப்பதும், நுனிக்காலில் எழும்போது குதிகாலை உள்நோக்கித் திருப்பிப் பாதத்தை உறுதியான நெம்புகோல் ஆக்குவதும் அதன் வேலை.

ராட்டினத்தில் கயிறு எங்கே தேயும்? வளையும் இடத்தில். இந்த நாணும் அங்கேதான் தேய்கிறது. அந்த இடத்தில் அதற்கு ரத்த ஓட்டமும் குறைவு. 40 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. உடல் பருமன், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து ஆகியவை இதற்குத் துணைபோகின்றன. ஒன்றைக் கவனியுங்கள். இந்த நாண் தன் வேலையைச் செய்ய மொத்தத்தில் 2 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் நகர்கிறது. எனவே அது அறுந்துபோக வேண்டியதில்லை. தேய்ந்து 1 சென்டிமீட்டர் நீண்டாலே போதும், தளர்ந்த கொடிக்கயிறு போல இருந்தும் பயன் இல்லாமல் போய்விடும்.

நாண் தளர்ந்ததும் பாரமெல்லாம் அடியில் உள்ள தசைநார்கள் மேல் இறங்குகிறது. அவையும் இழுபட்டு நீள்கின்றன. வளைவு தாழ்கிறது, பாதத்தின் முன்பகுதி வெளிப்பக்கம் திரும்புகிறது, குதிகால் வெளிப்புறம் சாய்கிறது. குதிகால் சாய்ந்ததும் இன்னொரு கேடும் நடக்கிறது. கெண்டைக்காலிலிருந்து குதிகாலுக்கு வரும் பெரிய நாண், உடம்பிலேயே வலுவானது, இதுவரை நேராக இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது அதன் இழுப்பு வெளிப்பக்கமாக விழுவதால், நடக்கும் ஒவ்வோர் அடியும் பாதத்தை மேலும் சாய்க்கிறது.

வலியும் இடம் மாறும். தொடக்கத்தில் உட்கணுக்காலுக்குப் பின்னால் வலியும் வீக்கமும் இருக்கும். சாய்வு முற்றிய பிறகு வெளிக்கணுக்காலுக்குக் கீழே எலும்போடு எலும்பு இடித்து வலிக்கும். உட்பக்க வலி குறைந்துவிட்டது என்று சிலர் மகிழ்வார்கள். நோய் ஒரு படி மேலே போய்விட்டது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

1989-இல் ஜான்சன், ஸ்ட்ரோம் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இந்த நோயை மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். முதல் நிலையில் நாணில் அழற்சி மட்டும் இருக்கும், வடிவம் மாறியிருக்காது. இரண்டாம் நிலையில் பாதம் சரிந்திருக்கும், ஆனால் மருத்துவர் கையால் பிடித்துத் திருப்பினால் நேராகும். மூன்றாம் நிலையில் திருப்பினாலும் நேராகாது, மூட்டுகள் இறுகித் தேய்ந்திருக்கும். கணுக்கால் மூட்டே சாய்ந்துபோகும் நான்காம் நிலையைப் பிறகு மயர்சன் சேர்த்தார். 2020-இல் நிபுணர்கள் கூடி, படிப்படியாகச் சரியும் பாதக் கோளாறு என்ற பொருளில் புதுப் பெயர் வைத்து வகைப்பாட்டையும் மாற்றினார்கள். பெயர் எதுவாக இருந்தாலும், புறநோயாளிப் பிரிவில் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். இந்தப் பாதம் இன்னும் என் கைக்கு இணங்குகிறதா, இல்லையா?

இணங்கினால் மூட்டுகளைக் காப்பாற்றி அறுவை செய்யலாம். இறுகிவிட்டால் மூட்டுகளை ஒட்டவைப்பதைத் தவிர வழியில்லை. நான் உங்களிடம் சொல்ல வந்தது முக்கியமாக இதைத்தான்.

அறுவை என்றதும் அஞ்ச வேண்டாம். தொடக்கத்தில் வருகிற பலருக்குக் கத்தியே தேவைப்படுவதில்லை. சில வாரங்கள் மாவுக்கட்டோ, நடைபூட்ஸோ போட்டு நாணுக்கு ஓய்வு கொடுக்கிறோம். பிறகு குதிகாலையும் வளைவையும் தாங்கும் உள்ளணை வைத்த காலணி, உடல் எடைக் குறைப்பு, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, பின்கால் தசையை வலுவாக்கும் பயிற்சி என்று போகும். இவற்றை மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்து பார்க்க வேண்டும். ஒழுங்காக என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். பள்ளிக்கு மட்டும் அந்தக் காலணி, வீட்டில் வெறுங்கால் என்றால் பயன் பாதிதான். சமையலறையில் நிற்கும் நேரமும் நிற்கும் நேரம்தானே. இன்னொன்று, வலி தீர அந்த நாணிலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். வலி மறைந்த உற்சாகத்தில் நடக்கும்போது ஏற்கெனவே நைந்த நாண் அறுந்துபோகக்கூடும்.

இவ்வளவும் செய்து வலி குறையாவிட்டால் அறுவையைப் பற்றிப் பேசுகிறோம். ஐம்பது வயதைத் தொட்ட ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியையின் கதையைச் சொன்னால் விளங்கும். இரண்டு வருடங்களாகக் கணுக்கால் சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் தடவி, கட்டுப் போட்டு, வலி மாத்திரை விழுங்கியிருந்தார். செருப்பு உட்பக்கம் மட்டும் தேய்கிறது, கடைக்காரர் மட்டமான செருப்பாகக் கொடுத்துவிட்டார் என்று வேறு சண்டை போட்டிருக்கிறார். என்னிடம் வந்தபோது இடக்காலை மட்டும் ஊன்றி நுனிக்காலில் எழ முடியவில்லை. ஆனால் பாதம் கைக்கு இணங்கியது. அவர் கேட்ட முதல் கேள்வி, "அறுந்த நாணைத் தைத்துவிட்டால் சரியாகிவிடாதா, எலும்பை ஏன் அறுக்க வேண்டும்?" நல்ல கேள்வி. மருத்துவ உலகமும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்துத்தான் பதிலைக் கண்டுபிடித்தது.

நைந்த நாணைத் தைத்தால் நிற்பதில்லை. அதற்குப் பக்கத்திலேயே சிறுவிரல்களை மடக்கும் நாண் ஒன்று ஓடுகிறது. அதை அறுத்து, படகெலும்பில் துளையிட்டுக் கோத்துவிடுகிறோம். விரல்களுக்குப் பெரிய நட்டம் இல்லை. கட்டைவிரல் நாணோடு அதற்கு இயற்கையான இணைப்பு இருப்பதால் விரல்கள் ஓரளவு மடங்கும். ஒரு வேலைக்கென்று இருக்கும் நாணை எடுத்து வேறு வேலைக்கு அமர்த்தும் இந்தக் கலைக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களின் கைகளை 1940-களின் இறுதியிலிருந்து இப்படித்தான் இயங்க வைத்தார். தொழுநோயால் பாதம் தொங்கிப்போனவர்களுக்கோ, நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே பின்கால் நாணை முன்பக்கம் கொண்டுவந்து பாதத்தைத் தூக்க வைத்தார்கள்.

ஆனால் சிறுவிரல் நாண் மெலிந்தது. பின்கால் தசையின் வலுவில் பாதிகூட அந்தத் தசைக்குக் கிடையாது. நாண்மாற்று மட்டும் செய்த காலத்தில் வலி குறைந்தது, வடிவம் திரும்பவில்லை. காலப்போக்கில் மீண்டும் சரிந்தவர்களும் உண்டு. குதிகால் சாய்ந்தே இருந்தால், பெரிய நாணின் இழுப்பு புது நாணையும் தோற்கடித்துவிடும். ஆகவே அந்த இழுப்பின் திசையையே மாற்ற வேண்டும். குதிகால் எலும்பைக் குறுக்கே அறுத்து, பின்துண்டை ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உட்பக்கம் தள்ளி, ஒன்றோ இரண்டோ திருகாணிகளால் பிணைக்கிறோம். 1893-லேயே கிளைக் என்ற ஜெர்மானியர் குதிகாலை அறுத்து நகர்த்தியிருக்கிறார். 1971-இல் கூட்சோயானிஸ் உட்பக்கம் தள்ளும் முறையை எழுதினார். ஒரே ஒரு சென்டிமீட்டர்தான். அதுவரை பாதத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்த பெரிய நாண், அன்றிலிருந்து அதை நிமிர்த்தத் தொடங்குகிறது. இத்தனை வருடங்களில் நான் செய்யும் அறுவைகளில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எல்லாருக்கும் இது மட்டும் போதாது. முன்பாதம் வெளிப்பக்கம் அதிகமாகத் திரும்பியிருந்தால், குதிகால் எலும்பின் முன்பகுதியை அறுத்து விரித்து, இடுப்பு எலும்பிலிருந்து ஆப்பு போல ஒரு துண்டெடுத்து இடையில் வைத்து வெளிவிளிம்பை நீட்டுகிறோம். 1975-இல் டில்வின் எவன்ஸ் எழுதிய முறை அது. கெண்டைக்கால் இறுகியிருந்தால் அதைத் தளர்த்த வேண்டும். பாதத்தின் உட்பக்க முன்பகுதி தரையைத் தொடாமல் எழும்பி நின்றால் அங்கே ஒரு சிறு ஆப்பு, 1936-இல் காட்டன் சொன்னது. யாருக்கு எவையெவை என்பதை நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். படுக்க வைத்து எடுத்த படத்தில் சரிந்த பாதம்கூட நல்ல பாதமாகத் தோன்றும். எங்கேனும் படம் எடுக்கச் சென்றால் "நின்றபடி எடுங்கள்" என்று நீங்களே கேளுங்கள்.

இறுகிப்போன பாதத்துக்கு வேறு வழி. கணுக்காலுக்குக் கீழே உள்ள மூன்று மூட்டுகளின் குருத்தெலும்பைச் சீவி எடுத்து, பாதத்தை நேராக்கி, திருகாணிகளால் பிணைத்து ஒரே எலும்பாக வளரவிடுகிறோம். ரயர்சன் 1923-இல் விவரித்த மும்மூட்டு இணைப்பு இது. சில பாதங்களுக்கு இரண்டு மூட்டுகளை இணைத்தாலே போதும். இது மட்டமான அறுவை என்று எண்ண வேண்டாம். வலியோடு ஊர்ந்தவர்கள் இதற்குப் பிறகு நன்றாக நடக்கிறார்கள். பாதம் மேலும் கீழும் அசையும். பக்கவாட்டில் சாய்ந்து கொடுப்பது மட்டும் போய்விடும். சமதரையில் அது தெரியாது. வயல் வரப்பிலும் கல் பரப்பிய பாதையிலும் தெரியும். பிணைத்த மூட்டுகள் தாங்காத அதிர்ச்சியைப் பக்கத்து மூட்டுகள் தாங்குவதால் பல ஆண்டுகள் கழித்து அங்கே தேய்மானம் வரலாம். இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் அந்த மூட்டுகள் மிஞ்சியிருக்குமே என்று நோயாளியிடம் சொல்லிப் பயனில்லை. அதனால்தான் இன்னும் நோயாளிகள் ஆகாத உங்களிடம் சொல்கிறேன்.

அறுவை அறையைவிட அதற்குப் பிறகான மாதங்கள்தான் கடினம். இதை மறைக்கக் கூடாது. ஏறக்குறைய ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. ஊன்றுகோலோ, வாக்கரோ, சக்கர நாற்காலியோ வேண்டும். வீட்டில் படியேற வேண்டுமா, கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியுமா, யார் சமைப்பார்கள், யார் குடத்தைத் தூக்குவார்கள் என்பதையெல்லாம் தேதி குறிக்கும் முன்பே வீட்டாரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அந்த ஆசிரியை முதலில் அறுவைக்கு ஒப்பவில்லை. பயத்தால் அல்ல. மாமியார் படுக்கையில் இருந்தார், தண்ணீர் தெருக்குழாயிலிருந்து வர வேண்டும். கணவரும் மகனும் என் அறையில் வைத்தே வேலைகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கையெழுத்து அதற்குப் பிறகுதான்.

ஆறு வாரத்துக்குப் பின் நடைபூட்ஸோடு சிறிது சிறிதாகப் பாரம் ஏற்றலாம். மூன்று மாதமளவில் சாதாரணக் காலணிக்கு வரலாம். மாலையில் கால் வீங்குவது ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட இருக்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும். கோடை விடுமுறையில் முடித்துக்கொண்டு ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வந்துவிடலாமா என்று எல்லா ஆசிரியர்களும் கேட்கிறீர்கள். அந்த விடுமுறை, காலை ஊன்றாத காலத்துக்குத்தான் போதும். நின்று பாடம் நடத்த மேலும் ஒன்றரை மாதமாவது வேண்டும். மருத்துவ விடுப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். காப்பீட்டு அனுமதிக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதையும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரும்பி வருபவருக்கு ஒரு நாற்காலியும், கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பும் கொடுங்கள்.

தொல்லைகளும் உண்டு. புண்ணில் சீழ் பிடிக்கலாம். எலும்பு கூடாமல் போகலாம், புகை பிடிப்பவர்களுக்கு இது அதிகம். பாதத்தின் வெளிவிளிம்பில் மரத்துப்போகலாம். திருகாணி உறுத்தினால் பிறகு அதை எடுக்க வேண்டிவரும். கெண்டைக்கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைவது அரிது, ஆனால் திடீரென்று கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மூன்று மாதச் சராசரி அளவு 8 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகே நான் தேதி கொடுக்கிறேன்.

சர்க்கரை என்றதும் ஓர் எச்சரிக்கை. நீண்ட நாள் சர்க்கரை உள்ளவருக்குப் பாதம் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கி, அவ்வளவாக வலிக்காமல் தட்டையானால் அது வேறு நோய். உணர்வு மரத்த பாதத்தில் எலும்புகள் நொறுங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம். அதற்கு நான் இதுவரை சொன்ன கணக்குகள் பொருந்தா. காலை ஊன்றாமல் அன்றைக்கே வாருங்கள்.

அந்த ஆசிரியைக்குக் குதிகால் எலும்பை நகர்த்தி நாண்மாற்றும் செய்தோம். ஒன்பதாம் மாதம் இடக்காலை மட்டும் ஊன்றி நுனிக்காலில் எழுந்து காட்டினார், சுவரைப் பிடித்துக்கொண்டுதான். வளைவு முன்பிருந்த அளவுக்குத் திரும்பவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "அவ்வளவு அழகாக இல்லையே சார்" என்றார். வலிக்கிறதா என்று கேட்டேன். காலை வழிபாட்டுக் கூட்டம் முடியும் வரை நிற்கிறேன் என்றார்.

இப்போது தேநீர் இடைவேளை. திரும்பி வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள், உட்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று. இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் பின்னால் நின்று மற்றவரின் குதிகாலைப் பாருங்கள். வெளிப்பக்கம் ஒன்றோ இரண்டோ விரல்கள் தெரிவது வழக்கம். ஒரு காலில் மட்டும் அதைவிட அதிகமாகத் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சுவரில் விரல் நுனிகளை மட்டும் வைத்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, மற்றக் காலின் நுனியில் எழுந்து பாருங்கள். குதிகால் தரையை விட்டு எழுந்து சற்று உட்பக்கம் திரும்ப வேண்டும். எழ முடியாதவர்களும், எழும்போது உட்கணுக்காலில் வலிப்பவர்களும் மதியம் வரை காத்திருங்கள். நான் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.